கொடியில் நனைந்த சட்டைகள்

மே 6

என் இன்ஸ்பெக்டருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் கடிதம், போன் அவசரத்துக்கு மட்டும் என்று கிளம்பும்போது விதி போட்டாயே, அதை மதித்து எழுதுகிறேன்.

கூடத்து டியூப்லைட் மாற்றியாயிற்று. நீ போகும்போதே கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றாயிற்று. கேஸ் தீர்ந்து புது சிலிண்டர் மாட்டியாயிற்று. வாத்து வழக்கம்போல் மேல்வீட்டிலிருந்து இறங்கி வந்து என் காதைத் தின்கிறாள். ஒன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஆரம்பித்த பேச்சு, இன்னும் தீரவில்லை. எதிர்வீட்டு டிரைவர் அண்ணன் காலை ஷிப்டுக்கு மாறிவிட்டார். அவர் பைக்கை உதைக்கிற சத்தத்தில்தான் கண் விழிக்கிறேன்.

இந்த வாரம் கடைக்குப் போகவில்லை. வெள்ளையடிக்கிறார்கள். யாருக்கும் கண்ணாடி மாட்டிப் பார்க்காமல் கை என்னவோ போல் இருக்கிறது.

இதோ, திடீர் மழை. கொடியில் சட்டைகள் எல்லாம் நனைந்துவிட்டன. நிறுத்துகிறேன்.

உன்
கண்ணாடிக்காரி


மே 17

கண்ணாடிக்காரிக்கு,

கடிதம் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். பற்றவைத்த குழாயை எக்ஸ்ரே படம் பிடித்து, படத்தை விளக்கின் முன் பிடித்து, இணைப்பில் எங்கே விரிசல் என்று தேடுவது. பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு முகாமில் என் அறைக்கு வந்து உன் கடிதத்தையும் விளக்கின் முன் பிடித்தேன். பழக்கதோஷம்.

உன் எழுத்து வலப்பக்கம் சாயும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கும். இது நிமிர்ந்து நிற்கிறது. யாருடைய எழுத்து இது?

டியூப்லைட் மாற்றியாயிற்று. யார் மாற்றியது? ஸ்டூல் போட்டு ஏறினாலும் உனக்கு எட்டாது. சிலிண்டரை உள்ளே உருட்டிக்கொண்டு வந்தது யார்? குழாயை யார் சரி செய்தது? நீ எழுதுவதைப் பார்த்தால் நம் வீட்டில் எல்லாம் தானாகவே நடப்பதுபோல் இருக்கிறது.

அப்புறம் அந்தச் சட்டைகள். அதுதான் தூங்கவிடவில்லை. நீ சட்டை போடுகிறவள் இல்லை. என்னுடையவை எல்லாம் இங்கே என் பெட்டியில். எண்ணிப் பார்த்துவிட்டேன். கொடியில் நனைந்தவை யாருடையவை?

தப்பாக நினைக்காதே. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன்
இன்ஸ்பெக்டர்


மே 28

மாண்புமிகு இன்ஸ்பெக்டர் அவர்களின் சமூகத்துக்கு,

பேனாவை மாற்றினேன். அதனால் எழுத்து மாறியது. சட்டைகள் எதிர்வீட்டு அண்ணனுடையவை. அவர்கள் வீட்டுக் கொடி அறுந்துவிட்டது, நம் கொடியில் காயப்போட்டார்கள். லைட், சிலிண்டர், குழாய் எல்லாம் அவர் கைவண்ணம்தான். விசாரணை முடிந்ததா?

உன் கடிதத்தை வாத்துவும் படித்தாள். "உன் புருஷன் குழாய் பாக்கப் போனானா, போலீஸ்ல சேந்துட்டானாடி?" என்றாள். "என் நைட்டிகூட அந்தக் கொடியிலதான் தொங்குது. வேணும்னா அளவு அனுப்பட்டுமா, கேட்டு எழுது." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முதலில் சிரிப்புமூட்டுவது, பிறகு முகத்தை உற்றுப்பார்ப்பது. சின்ன வயதிலிருந்தே இந்தக் கெட்ட பழக்கம் அவளுக்கு.

நாம் வாங்கியதிலிருந்தே பின்தங்கி ஓடிய சுவர்க்கடிகாரம் இப்போது சரியாக ஓடுகிறது. எதிர்வீட்டு அக்கா அவர்கள் வீட்டில் என்ன செய்தாலும் ஒரு கிண்ணம் இங்கே வந்துவிடுகிறது. கிண்ணத்தைத் திருப்பித் தர நேரமில்லாமல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். பாதி அவர்கள் வீட்டுப் பாத்திரம்தான் இப்போது நம் வீட்டில்.

உனக்கு வேறு ஏதாவது கேட்கத் தோன்றுகிறதா? நிதானமாக யோசித்துப் பார். காத்திருக்கிறேன்.

உன்
கண்ணாடிக்காரி


ஜூன் 9

வேறு ஏதாவது கேட்கத் தோன்றுகிறதா என்றாய். தோன்றுகிறது.

பேனாவை மாற்றினால் மை மாறும். எழுத்து மாறாது.

டிரைவர் அண்ணனை எனக்குத் தெரியாதா? சைக்கிள் செயின் கழன்றால்கூட மாட்டத் தெரியாமல் கடைவரை தள்ளிக்கொண்டு போகிற மனிதர். அவர் கடிகாரத்தைப் பிரித்து மாட்டினார் என்று நான் நம்ப வேண்டும். சரி, நம்பப் பார்த்தேன். முடியவில்லை.

ஒரு காரியம் செய்தேன். என் அறையில் இருக்கும் வெல்டர் லீவில் ஊருக்குப் போயிருக்கிறான். நம் தெருப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு போன் செய்தான்.

"டேய், தப்பா எடுத்துக்காத. ஒரு ஆளு வந்தாரு. வெள்ளைச் சட்டை. கையில பை நிறையக் காய்கறி."

"கட்டையா, தொப்பையா?"

"இல்லடா, நல்ல உயரம். முதுகுதான் தெரிஞ்சுது. தன் பாக்கெட்லருந்து சாவி எடுத்துத் தொறந்து உள்ள போனாரு."

"மணி அடிக்கலையா?"

"சாவின்னு சொல்றேன்ல."

"எப்ப வெளிய வந்தாரு?"

"நான் கெளம்புற வரைக்கும் வரல. விடுடா. சொந்தக்காரங்களா இருக்கும்."

எனக்கு எந்தச் சொந்தக்காரர் இருக்கிறார்? என் அப்பாவே காலெடுத்து வைக்காத வீடு அது. நம் வீட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று உன்னிடம். இன்னொன்று இதை எழுதும்போது என் முன்னால் மேசைமேல் இருக்கிறது. மூன்றாவதை யாருக்குச் செய்து கொடுத்தாய்?

இன்றைக்கு ஒரு குழாயின் படத்தைப் பார்த்து நல்ல இணைப்பை வெட்டி எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். விரிசல் என்று தோன்றியது. வெட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டார். இந்த நிலையில்தான் இருக்கிறேன்.

நேராக எழுது. யார் அவன்? பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.


ஜூன் 21

உனக்கு,

இது என் கை. எழுத்து புழு ஊர்ந்த மாதிரி இருக்கும். பிளாஸ்டர் பிரித்து ஒரு வாரம்தான் ஆகிறது. இதற்கு முன் வந்த இரண்டு கடிதங்களும் நான் சொல்லச் சொல்ல வாத்து எழுதியவை. நடுநடுவே "இப்படியா சொல்லுவ, கொஞ்சம் அன்பா சொல்லேன்டி" என்று அதட்டிக்கொண்டே எழுதினாள்.

டியூப்லைட்டை மாற்ற ஸ்டூல் போட்டு ஏறினேன். நீ எழுதியது சரி, எட்டவில்லை. எட்டிப் பிடிக்கப்போய் விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. கடையில் வெள்ளையடிப்பது எல்லாம் பொய். லென்ஸைப் பிடிக்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை?

போன் செய்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் இடது கையால் எடுக்கவும் எடுத்தேன். "உன்னை யாரு மேல ஏறச் சொன்னா?" என்றுதான் முதலில் கேட்பாய் என்று தோன்றியது. வைத்துவிட்டேன்.

விழுந்த சத்தத்துக்கு முதலில் ஓடி வந்தது எதிர்வீட்டு அக்கா, கையில் கரண்டியோடு. ஆஸ்பத்திரி போய்த் திரும்பும்வரை அந்தக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. நர்ஸ் கேட்டாள், "அது எதுக்கும்மா?" அப்போதுதான் அவரே பார்த்தார். எனக்கு வலியிலும் சிரிப்பு வந்தது.

வாத்து தினமும் தலை வாரிவிடுகிறாள். அன்பாக என்று நினைக்காதே. சிக்கெடுக்கும்போது உயிர் போகும். "ஸ்கூல்ல என் ஜடையை பெஞ்சுல கட்டி வெச்சியே, இப்ப அனுபவி." குளிக்கும்போது பிளாஸ்டர் நனையாமல் என் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். கண்ணை மூடியபடி வாயை மட்டும் மூடமாட்டாள். இத்தனை வருஷம் இவள் பேச்சை நான் பொறுத்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். பொறுத்துக்கொண்டவள் அவள்.

இப்போது நீ கேட்ட ஆள்.

டிரைவர் அண்ணன் ஓட்டுகிற பஸ் உன் அப்பா இருக்கிற தெருமுனையில் நிற்கும். அவர் அங்கே தினமும் வந்து நிற்பாராம். ஏறமாட்டாராம். தான் யாரென்று ஒரு நாள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அந்த பஸ் நம் பக்கம் வருகிறது என்று மட்டும் அவருக்குத் தெரியும். நான் விழுந்த மறுநாள் அண்ணன் ஜன்னல் வழியாகக் கத்தியிருக்கிறார்: "ஐயா, உங்க மருமக விழுந்து கையை ஒடைச்சுக்கிட்டாங்க. ஏறுங்க!" போட்டிருந்த சட்டையோடு ஏறிவிட்டார். ஒரு நாள் கழித்துப் போய் மாற்றுச் சட்டைகள் எடுத்து வந்தார். கொடியில் நனைந்தவை அவைதான்.

அந்த உயரமான ஆள், அந்த வெள்ளைச் சட்டை, காய்கறிப் பை, எல்லாம் உன் அப்பா. சாவி நான் வெட்டிக் கொடுத்தது. டெலிபோன் கம்பத்தில் ஏறியே காலம் தள்ளிய லைன்மேனுக்கு ஒரு டியூப்லைட் பெரிய விஷயமா? கடிகாரத்தையும் அவர்தான் பிரித்துப் பரப்பி உட்கார்ந்தார்.

காலையில் எனக்கு இட்லி ஊட்டட்டுமா என்று கேட்டார். கூச்சமாக இருந்தது, ஸ்பூன் கேட்டேன். தேடி எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பை வாசலில் விடமாட்டார். உள்ளே எடுத்து வந்து கதவுக்குப் பின்னால் வைப்பார். ஏன் மாமா என்றால், "திடீர்னு வந்தான்னா, செருப்பைப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுவான்ம்மா."

அவர்தான் எழுத வேண்டாம் என்றார். "நான் இங்க இருக்கேன்னு தெரிஞ்சா உன்னையும் சேத்து ஒதுக்கிடுவான்." நான் வாக்குக் கொடுத்தேன். பழியைத் தூக்கி டிரைவர் அண்ணன் தலையில் போட்டேன். விஷயம் தெரிந்து அவர் கோபிக்கவில்லை. "ஐயா சட்டைய நான் போட்டா முழங்காலுக்கு வரும். பொய் சொல்றதுக்கு முன்னாடி அளவு பாத்துக்கம்மா" என்றார்.

நீயாகக் கேட்பாய் என்று இருந்தேன். எழுத்து ஏன் மாறியிருக்கிறது, கடைக்கு ஏன் போகவில்லை, உடம்புக்கு என்ன. விளக்கின் முன் பிடித்துப் பார்த்தும் அது உன் கண்ணில் படவில்லை. யார், யார், யார் என்றுதான் கேட்டாய்.

உன் அம்மாவின் செயின் காணாமல் போனபோது உன் அப்பா உன்னைக் கேட்டார், "நீ எடுத்தியா?" என்று. செயின் மெத்தைக்கு அடியில் கிடைத்தது. அந்த ஒரு கேள்விக்காக வீட்டைவிட்டு வந்தாய். அத்தை இறந்த பிறகும் அவரைப் பார்க்கவில்லை. நம் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. எவ்வளவு வலித்திருந்தால் அப்படிச் செய்வாய் என்று நான் உன் பக்கம் நின்றேன். இப்போதும் அந்த வலி பொய் என்று சொல்லவில்லை. அவர் நேருக்கு நேர் ஒரு தடவை கேட்டார். நீ டீக்கடையில் ஆள் உட்கார வைத்துக் கேட்டாய்.

கோபத்தில் எழுதவில்லை. கொஞ்ச நேரம் எழுதினால் கை வலிக்கிறது. நிறுத்தி நிறுத்தி, நாள் தள்ளி எழுதுகிறேன். கோபம் அதற்குள் ஆறிவிடுகிறது. மிச்சம் இருப்பதைத்தான் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் உனக்கு லீவு. உன் அப்பா இங்கேதான் இருப்பார். போகச் சொல்லமாட்டேன். நீ வந்து மணி அடித்தால் கதவைத் திறக்கப்போவது அவர்தான். நான் உள்ளே இருப்பேன், எழுந்து வரமாட்டேன். என்னோடு வாத்து இருப்பாள். எதிர்வீட்டுக் கதவும் திறந்திருக்கும். அங்கே நிற்கிற ஒருவரையும் நீ விளக்கின் முன் பிடித்துப் பார்க்கக்கூடாது. அது முடியாது என்றால் லீவை முகாமிலேயே கழித்துவிடு. நான் சமாளித்துக்கொள்வேன். யாரை வைத்துக்கொண்டு சமாளிப்பேன் என்று இப்போது எனக்குத் தெரியும்.

கண்ணாடிக்காரி


ஜூலை 4

கண்ணாடிக்காரிக்கு,

கை எப்படி இருக்கிறது என்று முதல் வரியில் எழுதினால் நீ சொல்லிக்கொடுத்துக் கேட்டதாக ஆகிவிடும். கேட்காமலும் இருக்க முடியவில்லை. எப்படி இருக்கிறது?

இது மூன்றாவது தாள். முதல் தாளில், அப்பா எதற்காகத் தினமும் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றார் என்று கேட்டிருந்தேன். இரண்டாவதில், என்னைப் பற்றி உன்னிடம் என்ன சொன்னார் என்று. படித்துப் பார்த்துக் கிழித்தேன். கேள்வியை எடுத்துவிட்டால் எனக்கு எழுத அதிகம் இல்லை.

வெல்டர் திரும்பி வந்துவிட்டான். "அது எங்கப்பாடா" என்றேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

"உள்ள போறதுக்கு முன்னாடி பையைக் கீழ வெச்சாரு. மிதியடியில காலை அழுந்தத் தொடைச்சாரு. நெத்தி வேர்வையத் தொடைச்சாரு. சட்டைய இழுத்து விட்டுக்கிட்டாரு. அப்புறந்தான் சாவி எடுத்தாரு. வேத்து வீட்டுக்குப் போற மாதிரி இருந்துச்சு" என்றான்.

"இதை ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"நீ கேக்கலையே."

டிரைவர் அண்ணனிடம் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அக்காவிடமும். வாத்து என்னைப் பேசவிடமாட்டாள். அது ஒரு வசதி.

அப்பாவிடம் சொல்ல ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. செயினைப் பற்றிப் பேசுவேனா, பேசாமலே இருப்பேனா, தெரியாது. அவர் செருப்பை வாசலிலேயே விடலாம் என்று மட்டும் சொல்லிவிடு.

லீவு கிடைத்துவிட்டது. பதினெட்டாம் தேதி பிற்பகல் வந்து சேருவேன். என்னிடமும் ஒரு சாவி இருக்கிறது. ஆனாலும் மணி அடித்துவிட்டு வெளியே நிற்பேன்.

இங்கே வந்த பிறகு தாடி வளர்த்திருந்தேன். நீ பார்த்ததில்லை. அப்பா என்னைத் தாடியோடு பார்த்ததே இல்லை. கதவைத் திறக்கிறவர் "யாரு?" என்று கேட்கும்படி ஆகிவிடக்கூடாது. இன்று காலை எடுத்துவிட்டேன்.

நான்