டயோடுக்கு வைத்த சந்தனம்

விஜயதசமி, 1965.

நான் கட்டிய வயர்லெஸ் பெட்டியில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் நாலு டயோடுகளும் சமமாக நின்றால், பேச்சில்லாதபோது பேச்சைச் சுமக்கும் கேரியர் அலை இரு பக்கமும் வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பேசினால்தான் மீட்டர் முள் எழும். இன்று காலை யாரும் பேசாமலே எழுந்து நின்றது. மதராஸிலிருந்து வரவழைத்த டயோடுகள்தான் பழுதென்று கழற்றி எறியப் போனேன்.

“செத்த பொறுங்க,” என்றாள் என் மனைவி சரோஜா. “நேத்து ஆயுத பூசையில அதுல ஒண்ணுக்கு மட்டும் சந்தனம் வச்சேன். நாலுக்கும் வைக்க அரைச்சது பத்தல.”

ஈரம் காயாத சந்தனம் ஒரு பக்கம் மின்சாரத்தைக் கசியவிட்டிருக்கிறது. துடைத்து உலர்த்தியதும் முள் படுத்துவிட்டது.

மைக்கை அவளிடமே நீட்டினேன். “என்னத்தப் பேச?” என்றாள். முள் துள்ளியது.

நான் கத்துவேன் என்று தெரிந்தும் சொன்னாளே. அதற்கு நன்றி சொல்ல மைக் வேண்டாம். இன்னும் சொல்லவில்லை.