ரோஜாப் பாத்தி மண்

என் லெட்சுமி அக்காவுக்கு,

நீ இருந்தபோது நான் உனக்கு எழுதியது ஒரே ஒரு கடிதம். அதுவும் காரியாலயத் தாளில் தட்டச்சு செய்து, அடியில் முத்திரை குத்தி, 'விவசாயி அவர்களுக்கு' என்று தொடங்கி. கூடப்பிறந்தவளுக்கு எழுதுகிற லட்சணமா அது? அந்தக் கடிதத்தால் நடந்ததைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். நான் உனக்குச் செய்ததை நாலு பேர் முன்னால் செய்தேன். அதனால் இதையும் நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் சொல்ல வேண்டும்.

படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. நீ நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் பிலிமத்தலாவையில் விவசாயப் போதனாசிரியர் ஆனேன். மண்ணை எப்படிப் பண்படுத்துவது, எதை எப்போது நடுவது என்று ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுப்பதுதான் என் உத்தியோகம். நாம் வளர்ந்த லயத்து வரிசை வீடுகள் பக்கம் மட்டும் நான் வகுப்பெடுக்க வந்ததில்லை.

தேயிலை பட்டுப்போய்க் கைவிட்ட சரிவு ஒன்றை, உன்னோடு சேர்த்து ஆறு பெண்களுக்குத் தோட்டத்தை நடத்துகிற துரை மரக்கறி போடக் கொடுத்தார். முதல் போகம் சரியாக வந்தால் தொடர்ந்து செய்யலாம் என்று பேச்சு. அன்றைக்கே எனக்குப் போன் எடுத்தாய். "தம்பி, போஞ்சி போடப் போறோம். நீ சொல்றபடிதான் செய்வோம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாய். உன் குரலில் எவ்வளவு பெருமை! எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது, அக்கா.

தேயிலை நின்ற மண் புளித்த மண். அதில் போஞ்சி மாதிரி அவரை வகை வர வேண்டுமானால் முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். புளிப்பு கூட இருந்தால் டொலமைட் சுண்ணாம்புத் தூளைப் போட்டுக் கொத்தி, இரண்டு மூன்று கிழமை ஆற விட வேண்டும். சோதனைக்கு மண் எடுக்கவும் ஒரு முறை இருக்கிறது. சரிவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்து இடத்தில் புல்லைச் செதுக்கி, ஒரு சாண் ஆழம் வெட்டி, எல்லாவற்றையும் ஒரு வாளியில் கலந்து, அதில் ஒரு பங்கை எடுக்க வேண்டும். நான் வந்து எடுத்திருக்க வேண்டிய மண் அது. வேலை கூடிப் போய்விட்டது, நீயே கொஞ்சம் கொண்டு வா என்று சொல்லிவிட்டேன்.

வேலை ஒன்றும் கூடவில்லை. காரியாலயத்தில் என் ஊரைக் கேட்டவர்களுக்கெல்லாம் கண்டி என்று சொல்லி வைத்திருந்தேன். ஜீப்பில் தோட்டத்துக்கு வந்தால் சாரதி லயத்தைப் பார்ப்பான், வாசலில் நிற்கிற உன்னைப் பார்ப்பான், மறுநாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். காரணம் இவ்வளவுதான்.

நீ வந்தாய். விடியற்காலையில் பஸ் ஏறி, பேராதனையில் மாறி, பதினொரு மணிக்கு என் மேசைக்கு முன்னால் நின்றாய். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற நீலச் சேலை. இரண்டு கையிலும் இரண்டு சொப்பிங் பேக். பக்கத்தில் எங்கள் மேலதிகாரி, பெரிய சேர், ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். "யாரு இவங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் முகத்தைப் பார்த்துவிட்டாய். அதில் என்ன தெரிந்ததோ உனக்கு?

"நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு விவசாயி, சேர்" என்றேன்.

நீ தடுமாறவே இல்லை. "மண்ணு கொண்டாந்திருக்கேன், சேர்" என்றாய். என்னைப் பார்த்துத்தான் சொன்னாய். அதற்கு முன்னால் ஒரு நாளாவது நீ என்னைத் தம்பி என்றும் 'டேய்' என்றும் தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டதுண்டா?

பேக்கைத் திறந்து பார்த்தேன். கறுப்பு மண், பொலபொலவென்று, சல்லடையில் சலித்தது. அதில் ஒரு துண்டு முட்டைக்கோது. பழைய தேயிலைச் சரிவில் அப்படி மண் கிடைக்காது. அங்கே எடுத்திருந்தால் சிவந்து, கல்லும் வேருமாக இருந்திருக்கும். அது நம் வாசல் ரோஜாப் பாத்தி மண் என்று பார்த்த உடனே எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாக நீ அடுப்புச் சாம்பலும் தேயிலைச் சக்கையும் முட்டைக்கோதும் கொட்டி வளர்த்த பாத்தி! தம்பியின் ஆபிசுக்குப் போகிற மண் கேவலமாக இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பாய். நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட நல்ல உடுப்புத்தானே உடுத்திக்கொண்டு போவார்கள்.

இதை எங்கே எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் நீ பதில் சொல்வாய், பேச்சு நீளும், பெரிய சேர் நிமிர்ந்து பார்ப்பார். நான் கேட்கவில்லை. படிவத்தை நிரப்பி, போய்வாருங்கள் என்றேன். மற்ற பேக்கை நீ நீட்டவே இல்லை. ரொட்டியும் தொட்டுக்கொள்ளக் கட்டசம்பலும் அதில் இருந்தது மணத்திலேயே தெரிந்தது. ஒரு விவசாயி சேருக்கு எப்படி ரொட்டி கொடுப்பது என்று நினைத்து அப்படியே திருப்பிக் கொண்டுபோனாய். நான் வாசல் வரைகூட வரவில்லை.

முடிவு வந்தது. மண்ணில் புளிப்பே இல்லை. வேறெப்படி வரும்? டொலமைட் தேவையில்லை என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பினேன். பொய் என்று தெரிந்துதான் அனுப்பினேன். போஞ்சிதானே, எப்படியாவது வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உங்கள் ஆறு பேரில் ஒருவரான பார்வதி அக்கா, எதற்கும் இரண்டு மூட்டை வாங்கிப் போடுவோம் என்று சொன்னாராம். நீதான் என் கடிதத்தைக் காட்டித் தடுத்தாயாம்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். செடி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. இலையெல்லாம் மஞ்சள். பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாகக் கறுத்திருந்தது. துரை எங்கள் காரியாலயத்துக்குச் சொல்லி அனுப்பினார். வேறு வழியில்லாமல் வந்தேன். சாரதி, துரை, ஆறு பெண்கள், எல்லாரும் நிற்கிறார்கள். என்ன காரணம் என்று துரை கேட்டார். பாத்தியை ஆழமாகக் கொத்தவில்லை என்று சொன்னேன். கொத்து வேலைக்குப் பொறுப்பாக நின்றவள் நீ.

உன் பக்கம் நான் திரும்பவில்லை. ஆனால் காது கேட்டதே. "ஆமாங்க சேர், சரியாக் கொத்தலதான்" என்றாய்.

அக்கா, ஏன் அப்படிச் சொன்னாய்? ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கக்கூடாதா?

அதற்குப் பிறகு உன் கை ராசியில்லாத கை என்றார்கள். விதை போடும்போது உன்னைக் கூப்பிடவில்லை. ஆறு பேர் ஐந்து பேர் ஆனார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் நெஞ்சு வலி என்று படுத்தாய், போய்விட்டாய்.

உன் சாவு வீட்டில் பார்வதி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீ காரியாலயத்துக்கு வந்த அன்றைக்கு நான் எல்லாரையும் கூப்பிட்டு இதுதான் எங்கள் அக்கா என்று காட்டினேனாம். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேனாம். கொண்டுவந்த ரொட்டியை எல்லாரோடும் பங்கு போட்டுச் சாப்பிட்டேனாம். நீ வந்து லயம் முழுக்கச் சொன்னாயாம். "ஒங்கள மாதிரித் தம்பி யாருக்குக் கெடைக்கும்" என்று அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் பேச முடியவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். சரிவு மானாப்புல் மண்டிக் கிடந்தது. இந்தப் போகமும் ஒன்றும் வராவிட்டால் அதில் மரம் நடப் போவதாகத் துரை சொல்லிவிட்டார். கேள்விப்பட்டதும் லீவு போட்டுவிட்டு வந்தேன். ஐந்து பேரையும், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா வாசலில் கூப்பிட்டு வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ரோஜாப் பாத்தி மண், கடிதம், திருப்பிக் கொண்டுபோன ரொட்டி, ஒன்றையும் விடவில்லை. உன் கை ஆழமாகத்தான் கொத்தியது, கெடுத்தது என் கடிதம் என்று சொன்னேன்.

பிறகு பார்வதி அக்கா எழுந்து உள்ளே போய் ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இத அவ இருக்கயில சொல்லியிருக்கலாமே தம்பி. சரி, கொத்துங்க. ஆழமாக் கொத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். அதில் துளிகூட இரக்கம் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

கொத்தினேன். முதலில் மண் எடுத்தேன், நடந்து நடந்து, பத்து இடத்தில். நினைத்தபடியே நல்ல புளிப்பு. டொலமைட்டைத் தூவிக் கொத்திப் போட்டுவிட்டு, லீவு நாளெல்லாம் வந்து மழைத் தண்ணீர் வடியச் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டினேன். வகுப்பில் படம் போட்டுக் காட்டியே பழகிய கை, இரண்டாம் நாளே கொப்பளித்துவிட்டது. மூன்று கிழமை கழித்து மாட்டெருவும் கூட்டுப்பசளையும் கலந்து பாத்தி கட்டினோம். கொத்தும்போது ஓர் இடத்தில் நீ அன்றைக்கு வெட்டிய தடம் தெரிந்தது. கீழே மண் ஒரு முழத்துக்கு இளகிக் கிடந்தது. பார்வதி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து அந்த மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு, உன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டார்.

போஞ்சி இப்போது கொடி வீசிக் கம்பைப் பிடித்திருக்கிறது. இலை நல்ல பச்சை. முதல் விதையை உன் மகள்தான் போட்டாள். அம்மாவின் கை போல அவளுக்கும் ராசிக் கை என்று பார்வதி அக்காவே கூப்பிட்டார்.

முதல் பறிப்பில் ஒரு பேக் நிறையப் போஞ்சியும், இன்னொரு பேக்கில் ரொட்டியும் கட்டசம்பலும் எடுத்துக்கொண்டு, நீ வந்த அதே பஸ்ஸில் காரியாலயத்துக்குப் போவேன். பெரிய சேரின் மேசையில் உன் படத்தோடு வைப்பேன். அவர் அன்றைக்குக் கேட்ட கேள்வியை மறந்திருப்பார். பரவாயில்லை, நான் பதில் சொல்வேன். இவங்க எங்க அக்கா, சேர்.

உன் கூடப்பிறந்த தம்பி