கருமணியாற்று வடகரையாரை மீளக் குடியேற்றும் ஆணை

மங்கலம் நிலைபெறுக. குவளை நாடாளும் கோப்பெருங்குவளையரின் திருவாணைப்படி, அமைச்சர் மாங்குடி அரையனார், ஆற்றூர்க் கூற்றத் தலைவர் ஆதன் மழவருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கூற்றத்தில் மழை பொய்யாதிருக்க. தங்கள் குடி தழைக்க.

கருமணியாற்று வடகரைப் பொதுநிலத்தில் முப்பத்திரண்டு குடும்பத்தார் குடிசை கட்டி வாழ்ந்ததும், கால்நடைகள் துறைக்கு இறங்க வழியில்லை என்று ஊரார் முறையிட்டதும் தாங்கள் அறிந்தவை. அறமன்றம் இருதரப்பையும் மும்முறை கேட்டு, ஆற்றங்கரை எவர்க்கும் தனியுடைமை ஆகாது, அவர்களுக்கு மேட்டுச்சேரியில் மனை தந்து அகற்றுக என்று தீர்ப்பளித்தது. அதை நிறைவேற்றச் சென்றவர் கரையதிகாரி சாத்தன் இளநாகன். பின்னர் நிகழ்ந்தவற்றை அவர் சொல்லக் கேட்டு எழுதுகிறோம்.

இளநாகன் தீர்ப்பைப் படித்துக் காட்டியபோது எவரும் எதிர்க்கவில்லை. வெண்ணி என்னும் பெண் மட்டும் முன்வந்து, “மனை எங்க குடுத்தாலும் போயிருவோமுங்க. உச்சிப்பொழுதுல வர்றவங்களுக்குத்தான் வழி தெரியாது” என்றாள். யார் வருகிறார்கள் என்று அவர் வினவ, அவள் ஆற்றைக் காட்டினாள்.

அவர்களது பழைய ஊர் ஆற்றிடை மணல்திட்டில் இருந்தது. ஏழாண்டுக்கு முன் ஒரு நண்பகலில் மேலணை மதகு திறக்கப்பட, வெள்ளம் அவ்வூரை வாரிக்கொண்டு போயிற்று. உடல்கள் கிடைக்கவில்லை. மிஞ்சியவர்களே கரையேறிக் குடிசை கட்டியவர்கள்.

உச்சிப்பொழுதாயிற்று. இளநாகன் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நீர்விளிம்பிலிருந்து ஈரக்காலடிகள் காய்ந்த மணலில் ஒவ்வொன்றாக விழுந்தன. அவற்றின்மேல் ஆளில்லை. ஒற்றைக்கால் தடமும் ஊன்றுகோல் தடமுமாக ஒரு வரிசை வெண்ணியின் வாசலுக்கு வந்து நின்றது. அவள் முந்தானையால் தரையைத் துடைத்துக் கஞ்சிக் கலயத்தை வைத்தாள். “எங்க வீட்டுக்காரர்” என்றாள், அயலாருக்கு அறிமுகம் செய்வதுபோல.

வெயிலில் கண் மயங்கியது என்று இளநாகன் தம்மைத் தேற்றிக்கொண்டார். அன்று மாலைக்குள் குடும்பங்கள் வண்டியேறின, குடிசைகள் பிரிக்கப்பட்டன, நிலம் சமமாயிற்று.

மறுநாள் நண்பகலில் அவர் தனியே சென்றார். காலடிகள் நீரிலிருந்து ஏறி வந்தன. வாசல்கள் இருந்த இடங்களைச் சுற்றிச் சுற்றித் தேடின. பிறகு ஒன்றுகூடிக் கரையேறிப் பெருவழியில் நடக்கத் தொடங்கின. அவர் பின்தொடர்ந்தார். கடைத்தெருவில் இருந்தோர் ஏனென்று அறியாமலே ஒதுங்கி வழிவிட்டனர். மேட்டுச்சேரிக்குப் பிரியும் பாதையைக் கடந்து, காலடிகள் இளநாகனின் வீட்டு வாசலில் நின்றன.

அவர் அங்கேயே மண்டியிட்டார். மறுநாள் அறமன்றத்தில் எழுந்து, ஏழாண்டுக்கு முன் மதகுக் காவலில் இருந்தவர் தாமே என்றும், முரசறைந்து திட்டிலுள்ளோரை எச்சரித்த பின்னரே திறக்கவேண்டும் என்ற விதியிருந்தும், தலைநகரைக் காக்க உடனே திறக்குமாறு அரண்மனையிலிருந்து ஆள்மேல் ஆள் வந்ததால் முரசறையாமல் திறந்துவிட்டதாகவும் சொன்னார். அந்த ஆள்களை அனுப்பியவர் இவ்வோலையை எழுதும் நாமே. இதை மன்றத்திலும் ஒப்புக்கொண்டோம்.

ஆதலின் மன்றம் தன் தீர்ப்பைத் திருத்தியது. கரை பொதுநிலமாகவே நீடிக்கும். ஆயினும் நீரால் மாண்டோரும் இந்நாட்டுக் குடிகளே என்பதால், அவர்தம் உறவினர் அவ்விடத்தில் வாழ்வர். கால்நடைகளுக்குக் கீழ்த்திசையில் புதுத்துறை வெட்டப்படும். இளநாகன் பதவி நீங்கினார். எமக்குரிய தண்டனையை மன்னராம் கோமகனார் விதிப்பார்.

தாங்கள் இவ்வோலை கண்டவுடன் தச்சரையும் கூரை வேய்வோரையும் வடகரைக்கு அனுப்பி, முப்பத்திரண்டு வீடுகளையும் முன்னிருந்த இடத்திலேயே, வாசல் ஆற்றை நோக்கியிருக்க எழுப்புக. ஒரு நாளும் தாழ்த்தற்க. இளநாகனின் வீட்டைக் காவலர் நாள்தோறும் பார்த்து வருகின்றனர். உச்சிப்பொழுதில் உள்ளே செல்லும் அடிகள் உண்டு. திரும்பும் அடிகள் இதுவரை இல்லை. அவர் கதவைத் தாழிடுவதில்லை. எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சுகிறார்.

இது கோமகனார் ஆணை. குவளை இலச்சினை இடப்பட்டது.