குடிதண்ணீரில் நான் கலந்தது

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். பதினோரு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு எதற்கு எழுதுகிறாள் என்று யோசிப்பாய். கொஞ்சம் பொறு, சொல்கிறேன்.

பண்ணையில் இப்போது மூன்று கொட்டகை. என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, வாய் மட்டும் குறையவில்லை. குஞ்சு வண்டி வந்தாலே எனக்கு உன் ஞாபகம்தான். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவாயே! நோய்நொடி இல்லாத பெரிய கோழியின் எச்சத்திலிருந்து நீ வளர்த்தெடுத்த நல்ல கிருமிகள். பொரிந்து ஒரு நாள் ஆகாத குஞ்சுகள் மேல் அதைத் தெளிப்போம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான்டி, நல்லது முதலில் குடலில் உட்கார்ந்துவிட்டால் கெட்டதுக்கு இடமே கிடைக்காது என்பாய். அப்புறம் கைகழுவிவிட்டு இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவோம். என்ன சிரிப்பு, என்ன அரட்டை! அப்படி ஒரு காலம் எனக்குத் திரும்ப வரவே இல்லை.

இரண்டு மாதம் முன்னால் குஞ்சுகளுக்குக் கழிச்சல் கண்டது. எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அடுத்து வந்த குஞ்சுகளுக்கு, நீ விட்டுப்போன நோட்டை நிலையத்துப் பெண்களிடம் கொடுத்து அதே கலவையைச் செய்யச் சொன்னேன். நாற்பது நாள் ஆயிற்று. ஒரு சிட்டிகை மருந்து கொடுக்கவில்லை, எல்லாம் கொழுகொழுவென்று திரிகின்றன.

அடியே, பதினோரு வருஷம் முன்னால் குஞ்சுகள் செத்தபோதும் உன் கிருமி தோற்கவில்லை. தெளித்த நான்காம் நாள் ஏழெட்டுக் குஞ்சு தலையைத் தொங்கப்போட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன்னிடம் கேட்காமல் குடிதண்ணீரில் ஆன்டிபயாடிக்கைக் கலந்துவிட்டேன். அது உன் நல்லதையும் சேர்த்துக் கொன்றது. மருந்தை நிறுத்தியதும் காலிக் குடலில் கெட்டது குடியேறி, பாதிக் கொட்டகை போயிற்று. நிலையத்து விசாரணையில் உன் கலவையில்தான் கோளாறு என்றார்கள். நான் மருந்து கலந்தது தெரியாமல் நீயும் ஆமாம் என்று தலையை ஆட்டினாய், உன் வேலையும் போயிற்று. நான், பாவி, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இதையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நிலையத்து இயக்குநரிடம் கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. ஊர் சிரிக்கும், வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். சிரிக்கட்டும் என்றேன். உன்னைத் திரும்ப வேலைக்கு அழைத்து இயக்குநரே எழுதப்போகிறாராம்.

நீ ஜவுளிக்கடையில் துணி மடித்து வைக்கிறாய் என்று உன் அக்கா சொன்னாள். மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மேல் உள்ள கோபத்தில் அந்த வேலையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே. வந்துவிடு. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால், நீ கொட்டகைக்கு வருகிற நாளில் நான் வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன்.

நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு,
குண்டு