வாசப்படியில் கள் நுரை

பங்குனி 6, வியாழன்

காலையிலேயே அனல். வைகையில் தண்ணீர் இல்லை, மணல்தான் பறந்து வந்து மாவில் விழுகிறது. ரொட்டி சுடுகிற டின் அடுப்பின் மண்பூச்சு மறுபடி வெடிப்பு. மண்ணெண்ணெய் டின்தானே, எத்தனை நாள் தாங்கும். களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசினேன். கழுவியும் கையில் வாடை போகவில்லை.

நாளைக்கு இவருடைய மதுவிலக்குச் சங்கக் கூட்டம், நம் வீட்டில். பன்னிரண்டு பேர். ஆளுக்கு இரண்டு பன்னாம். காப்பி வேறு. வேண்டியது: கோதுமை மாவு (துணியில் சலிக்க வேண்டும்), நெய், நாட்டுச் சர்க்கரை, உப்பு, அடுப்புக்கரி ஒரு கூடை. க. அரை ஆழாக்கு.

க. என்றால் கள். இந்த டைரியில் அப்படித்தான் போட்டு வருகிறேன். வக்கீல் வீட்டில் மிஞ்சிய டைரி, குமாஸ்தா வேலைக்கு இவருக்குக் கொடுத்து, இவர் எனக்குக் கொடுத்தது. சங்கத்துக் காரியதரிசி பெண்டாட்டி டைரியில் அந்த வார்த்தை முழுசாக இருக்கலாமா? அதனால் க.

கள் இல்லாமல் ரொட்டி பொங்காது. என் அய்யா ரயில்வே துரை வீட்டில் பட்லர், அவர் கற்றுக்கொடுத்தது. ஒரு கை மாவில் கள்ளை ஊற்றிப் பிசைந்து மூடி வைத்தால் நுரைத்து எழும்பும். அதை மற்ற மாவோடு சேர்த்து அடித்துப் பிசைய வேண்டும். வெந்தால் வாடை இருக்காது, போதையும் இருக்காது. பழைய மாவை எடுத்து வைத்தும் செய்யலாம், புளிப்பு ஏறிவிடும், அத்தைக்கு நெஞ்சு எரியும்.

பட்லர் மகள் என்று அத்தை ஆறு வருஷம் குத்திக் காட்டினாள். நீரிழிவு வந்து, டாக்டர் சோற்றை நிறுத்தி ரொட்டி தின்னச் சொன்ன அன்று குத்துவது நின்றது. கடை ரொட்டி ஆகாதாம், எவன் கை பட்டதோ என்று. பட்லர் மகள் கை பரவாயில்லை.

பங்குனி 7, வெள்ளி

இருபத்து நாலும் காலி. மகள் செல்லத்துக்கென்று ஒன்றை மூடி வைத்திருந்தேன், அதையும் இவர் வந்து எடுத்துப் போனார். பிள்ளை வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

சங்கத் தலைவர் வாத்தியார் நல்ல மனிதர்தான். கதவோரம் பார்த்து, "தாயி, இம்புட்டு மெத்துன்னு எப்பிடி வருது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, "கைப்பக்குவம்ங்க" என்றார்.

அப்புறம் பேச்சு. நாளையிலிருந்து காளவாசல் பாதையில் உள்ள கள்ளுக்கடை முன்னால் மறியல். யார் வந்தாலும் கை கூப்பி நிற்க வேண்டும், கோபப்படக் கூடாது, ஆணைத் தம்பி என்றும் பெண்ணைத் தாயே என்றும்தான் கூப்பிட வேண்டும். இவர் எழுந்து நின்றார். கடைவாயில் பன் தூள். "நம்ம வீட்டு வாசப்படிய ஒரு சொட்டு தாண்டுனதில்ல" என்றார். கை தட்டினார்கள்.

அடுக்களையில் சிரிப்பு வந்தது எனக்கு. இப்போது எழுதும்போது வரவில்லை. தாண்டாமல் எப்படிப் பொங்கியதாம் அந்தப் பன்.

பங்குனி 9, ஞாயிறு

மோசம் போனேன்.

கீரைக்காரி கருப்பாயிதான் எப்போதும் கொண்டுவருவாள். அவள் புருஷன் மரம் ஏறுகிறவன். கூடையில் அடியில் சொம்பு, மேலே முருங்கைக்கீரை. வாசலில் கூடையை இறக்கி வைத்தாள். தெருவில் திரிகிற மாடு ஒன்று வந்து கீரையை இழுத்தது. கருப்பாயி விரட்ட, மாடு முட்ட, கூடை கவிழ்ந்து சொம்பு உருண்டது. வாசப்படியில் நுரை நுரையாக வழிந்து கோலத்தில் போய் நின்றது. புளித்த வாடை தெருக்கோடி வரைக்கும்.

எதிர்வீட்டு மங்களம் குடத்தோடு நின்றிருந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டே பார்த்தாள்.

"யாருக்கு மதினி?"

ரொட்டிக்கு என்று சொல்ல வேண்டியதுதானே. சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று இவர் சொன்னது நாக்கைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவக் கழுவ மங்களத்துக்கு உறுதியாகிக்கொண்டே போயிருக்கும். நான் ஒரு முட்டாள்.

பங்குனி 10, திங்கள்

குழாயடியில் பேச்சு நான் போனதும் நின்றது. சரி.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர் முகமே சரியில்லை. துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது. வாத்தியார் காதுக்கு விஷயம் போய்விட்டது. உங்கள் வீட்டில் கள் வாங்குகிறார்களாமே என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். நீங்க என்ன சொன்னீக என்று கேட்டேன். மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"எனக்குத் தெரியாதுன்னேன். வீட்டுல விசாரிக்கிறேன்னேன்."

விசாரிக்கிறாராம்! கரண்டியைச் சட்டியில் போட்டேன்.

முதல் நாளே சொன்னேனே இந்த மனிதரிடம். கள் ஊற்றாமல் பொங்காது, உங்கள் அம்மாவுக்கு ரொட்டி வேண்டுமா வேண்டாமா என்று. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள் என்றாரே. போன கார்த்திகையில் கருப்பாயி காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் தோப்புக்குப் போய் வாங்கிவந்தது யார்? சொம்பைக் கதர்த் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு? தெரியாதாம்.

அவருக்குத் தெரியாது என்றால் யாருக்காக வாங்கினேன் என்று ஊர் நினைக்கும்? அத்தை படுத்திருக்கிறாள். செல்லத்துக்கு எட்டு வயசு. மிச்சம் நான்தான். நான் குடிக்கிறேன். அப்படித்தானே ஆகிறது.

இனி க. கிடையாது. கள். கள். கள். இவர் படித்தால் படிக்கட்டும்.

படுக்கப் போகும்போது யோசனை சொன்னார். கள்ளுக்குப் பதிலாகப் பதநீர் ஊற்றிச் செய்யலாமாம். சங்கமே பதநீர் குடிக்கச் சொல்லித்தானே பிரசாரம் செய்கிறது, கௌரவமாக இருக்குமாம். பதநீரில் சுண்ணாம்பு போட்டு இறக்குகிறார்கள், அது புளிக்காது, புளிக்காதது பொங்காது என்றேன்.

"ரெண்டும் ஒரே மரந்தானே" என்றார்.

பங்குனி 11, செவ்வாய்

பதநீர் ஊற்றினேன். சொன்னபடியே செய்தேன், ஒரு பொட்டு குறைக்கவில்லை. காலையில் பிசைந்தது மத்தியானம் வரை பிசைந்தபடியே கிடந்தது. சுட்டேன். டின்னைத் திறந்தால் செங்கல். அடியில் தட்டினால் வழக்கமாகப் பானைச் சத்தம் கேட்கும், இன்று சுவரில் தட்டுகிற மாதிரி.

வெட்டாமல் முழுசாக அவர் தட்டில் வைத்தேன். கடித்தார். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நின்று பார்த்தேன். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அத்தை ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தாள், ஊறவில்லை. "எனக்குக் கேப்பக் களி போதும்த்தா" என்றாள். அவளுக்கு விஷயம் எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ரொட்டி நிறுத்தம். களிதான் எல்லாருக்கும். அத்தைக்கு இறங்குகிறது. இவருக்குத்தான் இறங்கவில்லை.

கரி அரைக் கூடை மிச்சம். செல்லம் பாவாடை கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும்.

பங்குனி 13, வியாழன்

கோடிவீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. போகவே மனசில்லை. முன்னாலேயே வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார்கள், போகாவிட்டால் உண்மை என்று ஆகிவிடும். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மங்களம் போட்டாள். அடுத்தது நான். வளையலைக் கையில் எடுத்துவிட்டேன். பெண்ணின் அம்மா என் மணிக்கட்டைத் தொட்டு, "நீங்க இருங்க மதினி, பெறகு போடலாம்" என்றாள். தட்டு என்னைத் தாண்டிப் போயிற்று. பிறகு என்பது வரவில்லை. எடுத்த வளையலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் காதில் ஏதோ சொல்ல வருகிற மாதிரி குனிந்தாள். சொல்லவில்லை. என் வாயை மோந்து பார்த்தாள்.

புளிசாதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். வழியெல்லாம் கண்ணில் தண்ணீர். அழுகை இல்லை, ஆத்திரம். அந்தப் பெண்பிள்ளைகள் மேல்கூட இல்லை. அவர்களுக்கு என்ன தெரியும். தெரிந்த ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு என் கை வளையல் அந்தப் பெண் கையில் இருந்திருக்கும்.

பங்குனி 14, வெள்ளி

நேராகவே கேட்டுவிட்டேன். வாத்தியாரிடம் போய் ஒரே ஒரு வரி சொல்லுங்கள், அது ரொட்டிக்கு, எனக்குத் தெரியும் என்று. காலில் விழச் சொல்லவில்லை. சங்கத்தை விடச் சொல்லவில்லை. ஒரு வரி.

வளைகாப்பில் நடந்ததையும் சொன்னேன். மோந்து பார்த்ததையும் விடவில்லை.

காரியதரிசியே வாங்கினான் என்றால் சங்கத்தின் மானம் போகும் என்றார். ஊர் நாலு நாளில் மறந்துவிடும் என்றார். பெண்கள் பேச்சைப் பெரிதாக எடுக்கக் கூடாது என்றார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு:

"இனிமே கருப்பாயிய கொல்லப்பக்கமா வரச் சொல்லு. களியத் தின்னு நாக்கு செத்துப்போச்சு."

பன்னிரண்டு வருஷம் இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன். ரொட்டி வேண்டும், கள் வேண்டும், கொல்லைப்பக்கம் வேண்டும், பெண்டாட்டி பேர் மட்டும் போனால் போகட்டும்.

தையல் முடிந்தது. பாவாடை பரவாயில்லை.

கருப்பாயி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாளைக்கு நானே போகிறேன். கொல்லை வழியாக அல்ல, தெரு வழியாக. அவர் கை கூப்பி நிற்கிற கடைக்கே.

பங்குனி 15, சனி

இப்போது மணி நாலு. ஒழுங்காக எழுதிவிட வேண்டும், அப்புறம் மறந்துபோகும்.

காலை ஒன்பதுக்குக் கிளம்பினேன். அதே பச்சைச் சேலை. கையில் சொம்பு, மூடவில்லை. மங்களம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்கே மதினி என்றாள். கள்ளுக்கடைக்கு என்றேன். செம்புத் தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை கூலி நாள், கடையில் கூட்டம். அதனால் மறியலும் பெரிதாக. வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு ஓரமாக. வாசலில் நாலு தொண்டர்கள், வெள்ளை வெளேரென்று. முதல் இரண்டு பேரும் நம் வீட்டில் பன் தின்றவர்கள். என்னைப் பார்த்ததும் "அக்கா" என்று சொல்லிக் கை கூப்ப மறந்து நின்றார்கள். மூன்றாவது ஆள் இவர்.

பொய் சொல்வானேன். மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. இந்த இடத்தில் சொல்லிவிடுவார் என்று. என் முகத்துக்கு நேராக எப்படி மறுப்பார்? சொம்பை என் கையிலிருந்து வாங்கி, இது என் அம்மா ரொட்டிக்கு என்று சொல்லிவிடுவார். நடக்க நடக்க அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்.

கை கூப்பினார். கண் என் கண்ணில் படவில்லை, நெற்றிக்கு மேலே எங்கேயோ.

"தாயே, இந்தப் பாழாப்போன கள்ளு வேண்டாம் தாயே. குடியக் கெடுக்கும்" என்றார்.

தாயே என்றார். என்னை.

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். எனக்குள் ஏதோ ஒன்று அப்படியே அடங்கிவிட்டது. சத்தம் போடவில்லை. வாத்தியார் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"அண்ணே, இது ரொட்டி பொங்குறதுக்கு. எங்க அத்தைக்கு டாக்டர் சொன்ன ரொட்டி. நீங்க அன்னைக்கி தின்ன பன்னும் இதுலதான் பொங்குச்சு. நான் குடிக்கிறவ இல்ல. வீட்டுக்காரருக்கு அம்புட்டும் தெரியும், அவுகளே வாங்கியாந்துருக்காக. கேட்டுப் பாருங்க."

வாத்தியார் கேட்டார். "தெரியுமாய்யா?" ஒரு தரம்தான் கேட்டார், மெதுவாக. இவர் தரையைப் பார்த்தார். கூப்பிய கையைப் பிரிக்கவில்லை.

வழி விடுங்கள் அய்யா என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வாங்கினேன். அதே வாசல் வழியாக வெளியே வந்தேன். தெரு நடுவில் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் மாவு கலந்தேன். வெயிலுக்கு இரண்டே மணி நேரத்தில் எழும்பியது. அடித்துப் பிசைந்து டின்னில் வைத்தேன். அத்தை எழுந்து வந்து அடுப்பருகே உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். முழுக்கச் சொன்னேன், தாயே என்றதையும். கரியைக் கிளறிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என் அடுப்பைத் தொட்டது இன்றுதான்.

ஒரு மணிக்கு இவர் வந்தார். கால் கழுவினார், கை கழுவினார், துண்டால் துடைத்தார், மணையில் உட்கார்ந்தார். சூடான ரொட்டி வாசம் வீடு முழுக்க. ஒன்றுமே நடக்காத மாதிரி, "சோத்தப் போடு" என்றார்.

"யாருங்க அய்யா நீங்க?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். இப்போதுதான் கண் என் கண்ணுக்கு வந்தது. நான் நகரவில்லை. இலையும் போடவில்லை.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். சாத்தியிருந்த வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

"வாத்தியாருகிட்ட போயிச் சொல்லிட்டு வாடா. சோறு எங்கிட்டும் போயிறாது."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். எந்தப் பக்கம் போனார் என்று பார்க்கவில்லை. அத்தைக்கு இரண்டு துண்டு, செல்லத்துக்கு ஒரு முழு பன், எனக்கு ஒன்று. நன்றாகத்தான் வந்திருக்கிறது.

மணி நாலே கால். இன்னும் வரவில்லை. கதவைச் சாத்தவா என்று கேட்டேன். கிடக்கட்டும் என்கிறாள் அத்தை.