ஜட்ஜ் கேட்கப்போகும் கேள்வி

12 டிசம்பர் 1993, ஞாயிறு

காலையில் ஏற்காடு பஜார் டெலிபோன் கடைக்கு, மாதமொரு ஞாயிறு வழக்கம்போல, அமெரிக்காவிலிருந்து என் மகன் முருகேசன் கூப்பிட்டான். வேலை செய்யும் ஓட்டலில் ஒருவனை அடித்ததாக அவன்மேல் கேஸ். செவ்வாய்க்கிழமை கோர்ட்.

"சர்க்கார் குடுத்த என் வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் பேசி முடிச்சுட்டாங்கப்பா. குத்தத்தை ஒத்துக்கிட்டா ஜெயில் இல்லீங்க. இல்லைன்னா ஊர்சனத்துல பன்னண்டு பேர் உக்காந்து கேஸைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லுவாங்க. அதுல தோத்தா வருசக்கணக்கா உள்ளதானுங்க."

"ஜட்ஜ் என்ன கேப்பாரு கண்ணு?"

"யாராச்சும் வற்புறுத்தி ஒத்துக்க வச்சாங்களான்னு கேப்பாருங்க. இல்லைன்னு சொல்லோணும்."

ஜெயில் என்ற சொல்லுக்கு அப்புறம் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. "ஒத்துக்க சாமி. ஜெயிலுக்கு மட்டும் போயிராத" என்றேன்.

"சரிங்கப்பா" என்று வைத்துவிட்டான்.

கரடியூர் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. இந்த ஊருக்கு நான் ஊர்க்கவுண்டன். பஞ்சாயத்துக்குக் கோயில் முன்னால் எவனை நிறுத்தினாலும், "நீ செஞ்சியா?" என்று முதலில் கேட்பேன். அவன் வாய் திறக்கும்வரை வேறு யாரையும் பேசவிட மாட்டேன். காப்பிப்பழம் களவு போனதற்குக்கூட அப்படித்தான் கேட்டேன்.

முருகேசனைக் கேட்கவில்லை. அவன் அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள்.

அவனைக் கூப்பிட என்னிடம் நம்பர் இல்லை. எப்போதும் அவன்தான் கூப்பிடுவான். அடுத்த முறை கூப்பிடுவதற்குள், யாரும் வற்புறுத்தவில்லை என்று ஜட்ஜிடம் சொல்லியிருப்பான்.