ஆட்டின் காலில் ஒரு கோடு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. இடது தோள் முழுக்க ஈரம்.

வக்கீல் வீட்டில் மூன்று பீரோ நிறையப் பழைய சிறுவர் புத்தகங்கள். குழந்தைகள் தினத்துக்குப் பள்ளியில் கண்காட்சி வைக்கிறார். எது முதற்பதிப்பு, எது மறுபதிப்பு என்று பிரித்துச் சீட்டு எழுதுவது என் வேலை. சென்னையில் பழைய புத்தகக் கடையில் இரண்டு வருடம் தூசி தின்றதற்குத் திருத்தணியில் கிடைத்த பலன்.

பார்ப்பவை:
- விலை. அணாவா, நயா பைசாவா.
- தாளின் பின்பக்கத்தைத் தடவினால் ஈய எழுத்து அழுத்திய தடம் விரலில் தட்டுகிறதா.
- அட்டைக்கும் உள்தாளுக்கும் ஒரே வயதா. பசை புதுசா.
- 'முதற்பதிப்பு' என்ற வரி: கடைசியாகத்தான் பார்ப்பேன். நாலாவது தடவை அடிக்கும்போதும் அந்த வரியை எடுக்க மாட்டார்கள். பொய்க்கு அச்சுக்கூலி தனியாக இல்லை.

வக்கீலுக்கு நான் தடவிப் பார்ப்பது பிடிக்கவில்லை. "அதான் முதற்பதிப்புன்னு போட்டிருக்குதே, அப்புறம் எதுக்குமா மோந்து பாக்கற?"

முக்கியமான புத்தகம் ஒன்றுதான். அவர் தாத்தா பெயரில் வந்த ஆட்டுக்குட்டிக் கதை. மெல்லிசு, அணா விலை, சென்னை அச்சகம், படங்களோடு. பள்ளி அரங்கத்துக்கே தாத்தா பெயர் வைக்கப்போகிறார்கள், 'நம் ஊரின் முதல் குழந்தை எழுத்தாளர்' என்று. நிலம் இருந்தால் எழுத்தும் வரும் போல.

சோதித்தேன். தாள், அழுத்தம், பசை எல்லாம் சரி. ஒன்று மட்டும் உறுத்தல். ஆடு வேலி தாண்டும் படத்தில் முன்னங்காலின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு. படத்தைச் செதுக்கி அடித்த மரக்கட்டை விரிசல் விட்டிருக்கிறது. முதல் தடவை அடிக்கும்போதே ஏன் விரிசல் விட்ட கட்டை?

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. கொசு.

பொதட்டூர்பேட்டையிலிருந்து சரோஜம்மா என்று ஒருவர். வீட்டில் தறி. கண்காட்சிக்குப் பழைய புத்தகம் கேட்டிருந்த நோட்டீசைப் பார்த்து வந்தவர். வக்கீல் கேட்டிலேயே நிறுத்திப் பேசினார். தெலுங்குப் புத்தகம் வேண்டாமாம். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். பையிலிருந்து எடுத்தார். என் கையில் தரவில்லை.

"நீ பாரு. நான் புடிச்சிகினு இருக்கறேன்."

அதே ஆடு. அதே வேலி. அதே சென்னை அச்சகம். எழுதியவர் ரத்தினம்மா, ஆசிரியை. சரோஜம்மாவின் அம்மா. ஆண்டு போடவில்லை.

ஆட்டின் கால் முழுசாக இருக்கிறது. கோடு இல்லை.

முதலில் சந்தேகப்பட்டது இவரைத்தான். அட்டையை மாற்றி ஒட்டியிருக்கிறார்களா, நடுத்தாள் புதுசா, பசை என்ன. அவர் பிடித்தபடியே இருக்க, நான் குனிந்து குனிந்து பார்த்தேன். கண்டக்டர் சிரித்தார். ஒட்டு வேலை எதுவும் இல்லை.

நவம்பர் 8, சனி

பொதட்டூர்பேட்டை. தெரு முழுக்கத் தறிச் சத்தம். பேசுவதற்குக் காதருகே போக வேண்டும்.

"வக்கீல் அனுப்சாரா?" வாசலிலேயே கேட்டார் சரோஜம்மா. இல்லை என்றேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

போனில் தமிழ்ப் புத்தகத்தின் படத்தைக் காட்டினேன். இரண்டிலும் படத்தைச் சுற்றிய சட்டக்கோட்டின் ஒரே மூலையில் ஒரே பொத்தல். ஆக, ஒரே கட்டை. விரிசல் விட்ட கட்டை மறுபடி சேராது. கால் முழுசாக இருக்கும் தெலுங்குதான் முதலில் அடித்தது. வக்கீலுடையது தமிழில் முதற்பதிப்பு. கதைக்கு அல்ல.

தமிழில் போட்டுத் தருகிறேன் என்று பெரிய வீட்டுக்காரர் ஒருவர் கதையைக் கேட்டதாக அம்மா சொல்வாராம். அந்தத் தமிழ்ப் புத்தகம் இவர்கள் கண்ணில் பட்டதே இல்லை.

"எங்கம்மா பேரு அதுல எங்கியாவது இருக்குதா?"

இல்லை என்றேன். தறிக்குத் திரும்பிவிட்டார். காபி மட்டும் வந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். தங்கள் புத்தகத்தில் ஆண்டு இருக்கிறது, அதில் இல்லை என்றார். தெலுங்குக்குப் புதுக் கட்டை செய்திருப்பார்கள் என்றார். பொத்தலைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க வீட்ல தெலுங்குதானேமா பேசுவீங்க?"

ஆமாம் என்றேன். கேஸ் முடிந்தது போலத் தலையாட்டினார். பிறகு திடீரென்று கனிவு. அந்தம்மாவைப் புத்தகத்தோடு வரச் சொல்ல வேண்டுமாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் பத்திரமாம். "அவங்கம்மா பேரும் போட்றலாம். தெலுங்கு மொழிபெயர்ப்புன்னு."

கோபப்பட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

சரோஜம்மாவுக்குப் போன் செய்தேன். "பேரு வருதில்ல?" என்றார். குரலில் சந்தோஷம். மொழிபெயர்ப்பு என்றால் கதை வேறொருவருடையது என்று அர்த்தம், உங்கள் அம்மா அவர்களிடமிருந்து கதையை எடுத்ததாக ஆக்குகிறார்கள் என்றேன். வைத்துவிட்டார்.

வீட்டில் நைனா: "வக்கீலூட்டு கழனிலதான் நான் வேல செய்றேன். நீ ஆட்டுக் கால புடிச்சிகினு இருக்கற."

ரசத்தில் உப்பு இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். பள்ளி அரங்கில் பந்தல்காரர் நாற்காலி, ஜிகினா, மைக் கூச்சல்.

ஆட்டுக்குட்டிக் கதை இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் வெளியே நான் எழுதி ஒட்டிய சீட்டு: 'தமிழில் முதற்பதிப்பு. மூலம் தெலுங்கு, ரத்தினம்மா.' பத்து மணிக்குப் பார்த்தால் அது இல்லை. அச்சடித்த அட்டை: 'முதற்பதிப்பு.' தாத்தாவின் பெயர், மாலை போட்ட படம்.

சரோஜம்மா வந்துவிட்டார். தோளில் பை. அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். வக்கீல் கும்பிட்டு வரவேற்றார், அன்று கேட்டில் நிறுத்தியவர். புத்தகத்துக்குக் கை நீட்டினார், உள்ளே வைத்துவிடலாம் என்று.

சரோஜம்மா தரவில்லை. பையிலிருந்து எடுத்து, ஆடு வேலி தாண்டும் பக்கத்தைப் பிரித்து, கண்ணாடி மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள இருக்கறத வெளிய எடுங்க. ரெண்டத்தையும் பக்கத்துல வெச்சி எல்லாரும் பாக்கட்டும்."

தலைமையாசிரியர் வந்தார். டீச்சர்கள் வந்தார்கள். மைக்காரர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"சாவிய வீட்ல விட்டுட்டேன்" என்றார் வக்கீல். சொல்லும்போது என்னைப் பார்த்தார். காலையில் பெட்டியைப் பூட்டியது நான். சாவி என் கைப்பையில். அவருக்குத் தெரியும்.

நைனா இந்நேரம் அவர் கழனியில் களை பறித்துக்கொண்டிருப்பார்.

பூட்டு புதுசு. கொஞ்சம் இறுக்கம். திறந்தேன்.